அரைப்புள்ளி

கழனிவாசலில் ஜெராக்ஸ் கடை மாடி,
மூன்று மாத வாடகை பாக்கி.
பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு நகரக் கோயிலின்
புள்ளிக் கணக்கை ஏபிஐ ஆக்கித் தரச் சம்மதித்தேன்.
நான் அந்தச் சமூகம் இல்லை.
எனக்குத் தெரிந்த புள்ளி
மெய்யெழுத்தின் தலையில் உட்கார்ந்து
உயிரை வெளியே அனுப்புவது.

கணக்கர் வயிரவன் சொன்னார்:
"கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி.
ரெண்டு பேரும் சேர்ந்து ஒன்று.
புள்ளிக்கு வரி ஆயிரத்தொன்று. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன்.

போஸ்ட் போட்டால் புதிதாய் ஒரு புள்ளி பிறக்கும்.
தை முகூர்த்தம், கானாடுகாத்தான், சிக்னல் ஒரு கோடு.
மாப்பிள்ளையின் தம்பி பொறுமையில்லாமல்
பொத்தானை இரண்டு தரம் அமுக்கினான்.
வயிரவன் போனில் சிரித்தார்:
"தாலி ஒண்ணுதானே கட்டினான்?"
போஸ்ட் அப்படித்தான், கேட்ட தரமெல்லாம் பெற்றுப்போடும்.
வேண்டுகோள் ஒவ்வொன்றுக்கும் அடையாள எண் ஒட்டி
அந்தப் பிரசவத்தை ஒன்றோடு நிறுத்தினேன்.

புட் வேறு குணம்.
இருந்த வரியை முழுசாய்த் தூக்கிவிட்டு
கொண்டுவந்ததை அங்கே வைக்கும்.
பத்து முறை வைத்தாலும் இருப்பது ஒன்று.
சிங்கப்பூர் சோலையப்பன்
புது முகவரியை மட்டும் புட்டில் அனுப்பினார்.
முகவரி மாறியது, மற்றதெல்லாம் வெறுமை.
"எங்கேய்யா என் பெண்டாட்டி?"
மறுநாளே பேட்ச் எழுதினேன்,
கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போட.

கெட் ஒன்றைத்தான் முழுக்க நம்பினேன்.
பெயரில்தான் கெடு, எதையும் கெடுக்காது.
ஆயிரம் முறை எட்டிப் பார்த்தாலும்
பார்த்தது பார்த்தபடி இருக்கும்.

மார்ச் கடைசியில் பதிவேட்டில் நாற்பது கெட்.
ஒரே செல்போன், ஒரே புள்ளி எண்,
இரவு ஒன்று முப்பத்தேழில் தொடங்கி விடியும்வரை.
நாற்பதுக்கும் சர்வர் சொன்னது நானூற்று நான்கு:
அப்படி எவரும் இல்லை.
ஏதோ போட் என்று தடுக்கப் போனேன்.

வயிரவன் கூப்பிட்டார்:
"சிகப்பி ஆச்சி வரி கட்ட வந்திருக்காக.
பேரே இல்லைங்குது உங்க மெஷின்."

டெலீட் எவரும் அனுப்பவில்லை.
மூன்று முறை தேடினேன்.
ஆறாம் தேதி கோயிலிலிருந்து ஒரு பேட்ச் மட்டும்:
அடைக்கப்பன், காலமானார். புள்ளி, அரை.

"ஒருத்தர் போனா மிச்சம் அரைப்புள்ளி.
நான் சொல்லலையா?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
என் கட்டத்தில் முழு எண்களுக்கே இடம்.
வந்த அரையின் தசமத்தை வெட்டி
பூஜ்யம் என்று எழுதிக்கொண்டது.
பூஜ்யங்களைக் காட்டாதே என்று
என்றோ நான் எழுதிய வரி
நாற்பத்தாறு வயதுப் பெண்ணை மறைத்தது.
எல்லாம் நலம் என்று
அந்த பேட்ச்சுக்கு இருநூறும் கொடுத்திருந்தது.

வினைச்சொல்லில் பிழையே இல்லை.
அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கட்டத்தைத் தசமமாக்க ஒற்றை வரிக் கட்டளை.
முடிவில் வழக்கம்போல் ஓர் அரைப்புள்ளி.
நாளுக்கு நூறு தட்டுகிறேன் இதை.
அன்று மட்டும் விரல்
அந்த விசைமேல் கொஞ்ச நேரம் நின்றது.

வரி ஐந்நூறு ரூபாய் ஐம்பது காசு என்று வந்தது.
"ஐம்பது காசுக்கு எங்கே போக?" என்றார் வயிரவன்.
ஆச்சி ஐந்நூற்றொன்று வைத்துவிட்டு
ரசீதை இரண்டாய் மடித்துப் பையில் போட்டாராம்.
வேறொன்றும் பேசவில்லையாம்.

அன்றிரவு ஒன்று நாற்பதுக்கு
அதே எண்ணிலிருந்து ஒரு கெட். இருநூறு.
ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று.
இருநூறு.
எதுவும் மாறியிருக்காது என்று தெரிந்தும்
மூன்றாவதுக்காக
நானும் விழித்திருந்தேன்.